இல்லம் காப்போம்: பழஞ்சுவருக்குப் பகையான மருந்து



மும்பை மாநகரில் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு திங்களில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. அம்மழை முழுவதையும் ஆண்டுதோறும் தாங்கி நிற்பது நம் வீட்டு வெளிச்சுவரே. உள்ளறைக்கு வண்ணம் பூச நாம் காட்டும் ஆர்வத்தில் பாதியையேனும் அதற்குக் காட்டுகிறோமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1896 ஆம் ஆண்டின் கொள்ளை நோய்க்குப் பின்னர், 1898 இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாதுங்கா பகுதிகளைத் திட்டமிட்டு வகுத்தது. அங்கு எழுந்த மாடி வீடுகளில் நம்மவர் பலர் குடியேறினர். இன்று அவ்வீடுகளிற் பல எண்பது, தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டன. பூச்சு உப்பி உதிர்வதும், உட்சுவரில் ஓதம் ஏறுவதும் அவற்றில் வழக்கமான காட்சி. உடனே சிமெண்டை அப்பி, மேலே பிளாஸ்டிக் வண்ணம் அடித்துவிட்டால் குறை தீர்ந்ததென்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் குறை தொடங்குவது அங்கேதான்.

பழைய செங்கற்சுவர்களிற் பெரும்பாலானவை சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பெற்றவை. அச்சாந்து மென்மையானது, நுண்துளைகள் உடையது. சுவருக்குள் புகுந்த ஈரம் அத்துளைகளின் வழியே வெளியேறி உலரும். சிமெண்டோ கடினமானது, ஈரத்தை எளிதில் வெளிவிடாது. ஆகவே சுவருக்குள் அடைபட்ட நீர் செங்கல்லின் வழியே வெளிவர முயலும்; அதனுடன் வரும் உப்பு செங்கல்லிலேயே படிகமாகி அதன் முகத்தைப் பொரியச் செய்யும். சாந்து தேய்ந்தால் மாற்றிவிடலாம். செங்கல் தேய்ந்தால் சுவரே போயிற்று. சாந்து எப்பொழுதும் கல்லினும் மெலிந்ததாய் இருத்தல் வேண்டும் என்பதே இத்தொழிலின் தலையாய விதி.

முதலில் நீரின் வழியைக் கண்டறிய வேண்டும். உடைந்த மழைநீர்க் குழாய், கைப்பிடிச் சுவரின் வெடிப்பு, சன்னலின் மேலுள்ள சஜ்ஜாவில் தேங்கும் நீர் ஆகியவற்றைச் சீர்செய்யாமல் பூச்சு வேலையைத் தொடங்குவது வீண்செலவே. சுவரில் முளைத்த அரசங்கன்றை இளமையிலேயே வேரோடு அகற்றுக. வேர் தடித்தபின் பிடுங்கினால் கல்லும் கூடவே பெயரும். அப்பொழுது தண்டை அறுத்து, வேரைப் பட்டுப்போகச் செய்து, சுவரைப் பிரித்துக் கட்டுவதே முறை.

அடுத்து, செங்கற்களின் இடைச்சந்துகளில் உள்ள இற்றுப்போன சாந்தைக் கையுளியால் சுரண்டுக. சந்தின் அகலத்தைப் போல் குறைந்தது இருமடங்கு ஆழம் வேண்டும். மின்பொறியால் அறுத்தால் செங்கல்லின் விளிம்பும் சிதையும். பின் சுவரை நனைத்து, சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று என்ற அளவில், செங்கற்பொடியும் கலந்த சாந்தை அழுத்தி நிரப்பி, ஈரச் சாக்கினால் பல நாள் மூடிவைத்தல் நலம். சுண்ணாம்பு மெல்ல இறுகுவது. ஆதலின் மழை ஓய்ந்து சுவர் உலர்ந்தபின் தொடங்கி, கோடை முடியுமுன் வேலையை நிறைவு செய்க.

1930களில் எழுந்த வீடுகளின் பால்கனியும் உத்திரமும் பெரும்பாலும் இரும்புக்கம்பி இட்ட கான்கிரீட்டே. கம்பி துருவேறினால் பருத்து, மேலுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். பால்கனிக்கு அடியில் நீண்ட வெடிப்போ துருக்கறையோ தெரிந்தால் பூச்சுக்காரரை அழைக்காதீர்; பொறியாளரை அழையுங்கள். கீழே தெருவில் நடப்பவர் தலைமீது அது விழக்கூடும்.

கல்முகப்புகளுக்கும் தனிக் கவனம் வேண்டும். கோட்டைப் பகுதி மாளிகைகள் பலவற்றில் சிற்ப வேலைக்குப் பயன்பட்ட போர்பந்தர்க் கல், சுண்ணாம்புக் கல் இனத்தைச் சேர்ந்தது. அமிலம் பட்டால் அது கரையும். மணலை வீசித் துப்புரவு செய்தால் அதன் மேற்றோல் உரியும். மென்தூரிகையும் மெல்லிய நீரோட்டமுமே போதுமானவை.

இனிச் செலவு யாருடையது என்னும் வினா எழும். 1947 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகையை 1940 ஆம் ஆண்டின் அளவோடு கட்டிவைத்தமையால், வீட்டுக்காரர் பலர் பழுதுபார்ப்பைக் கைவிட்டனர். இந்நிலையில் 1969 ஆம் ஆண்டின் சட்டத்தால் பழுதுபார்ப்பு வாரியம் அமைந்தது. அவ்வாண்டு செப்டம்பர் முடிவுக்குள் கட்டப்பெற்ற, தீர்வை செலுத்தும் வாடகைக் கட்டடங்களின் கட்டமைப்புப் பழுதுகளைக் கவனிப்பது அதன் கடமை. தொடக்கத்தில் அத்தகைய கட்டடங்கள் 19,642 இருந்தன. முப்பது ஆண்டு கடந்த கட்டடத்தைப் பொறியாளரைக் கொண்டு சோதித்துச் சான்று பெறவேண்டும் என்று மாநகராட்சிச் சட்டமும் விதிக்கிறது. ஆகவே நம் வீடு எவ்வகையினது என்பதை அறிந்து, குடியிருப்போர் அனைவரும் ஒன்றுகூடி எழுத்து மூலம் விண்ணப்பித்தல் வேண்டும். பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீடாயின், வெளிமுகப்பைத் தொடுமுன் அனுமதி பெறுதலும் இன்றியமையாதது.

“எப்படியும் இடித்துக் கட்டப் போகிறார்கள், நமக்கென்ன?” என்பார் உளர். அந்நாள் வரும்வரை அக்கூரையின்கீழ் உறங்குவோர் நம் முதியோரும் குழந்தைகளும் அன்றோ? வருகின்ற மழைக்கு முன்னர் ஒருமுறை தெருவில் நின்று, நம் வீட்டின் வெளிச்சுவரை அடிமுதல் முடிவரை நோக்குவோமாக.