எண்ணோடு முறையும் வேண்டும்: பெட் ஸ்கேன் இரத்த ஓட்ட அளவீடு குறித்து சங்கத்தின் நிலைப்பாடு

இதயத் தசையின் இரத்த ஓட்டக் கையிருப்பு, அதாவது அழுத்த (stress) நிலையில் உள்ள ஓட்டத்தை ஓய்வு நிலை ஓட்டத்தால் வகுத்த விகிதம், 2-க்குக் கீழே போனால் குறைவு. எந்த ஸ்கேனர், எந்தப் பட மீளமைப்பு என்று பார்க்க வேண்டாம். சுற்றுக்கு வந்திருக்கும் முன்மொழிவின் சாரம் இதுதான். இன்றைய வடிவில் அதை ஏற்பதற்கில்லை என்று சங்கத்தின் செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

அளவீட்டின் பயனைச் சங்கம் மறுக்கவில்லை. 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு 2,783 நோயாளிகளைத் தொடர்ந்தது. கையிருப்பு மிகக் குறைந்த மூன்றிலொரு பங்கினருக்கு இதயநோயால் இறக்கும் அபாயம், மிக அதிகமுள்ள பங்கினரைவிட 5.6 மடங்கு இருந்தது. அந்நாட்டில் 2020 முதல் இந்த அளவீட்டுக்குத் தனிக் கட்டணக் குறியீடும் உண்டு. சிகிச்சையும் பணமும் நம்பியிருக்கும் எண் இது.

அந்த எண் படத்திலிருந்து நேராக வருவதில்லை. இதற்குச் செலுத்தப்படும் கதிரியக்க மருந்தான ருபீடியம்-82-இன் அரை ஆயுள் சுமார் 75 விநாடி. மருந்து இதய அறையைக் கடக்கும் தொடக்க நொடிகளை 5, 10 விநாடித் துண்டுகளாகப் படமெடுத்து, அறையின் இரத்த வளைவையும் தசையின் வளைவையும் ஒப்பிட்டே ஓட்டம் கணக்கிடப்படுகிறது. வளைவு கோணினால் விடையும் கோணும்.

அந்த வளைவு, ஸ்கேனர் தரவிலிருந்து படத்தை உருவாக்கும் மீளமைப்பு முறையைப் பொறுத்தது. வடிகட்டிய பின்வீச்சு முறையில் படம் இரைச்சலாக இருக்கும். படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தும் ஓசெம் (OSEM) போன்ற சுழற்சி முறைகளில் படம் தெளிவு. ஆனால் எதிர்ம மதிப்பை அனுமதிக்காததால், பதிவான கதிர் எண்ணிக்கை குறைந்த துண்டுகளில் மதிப்பு மேல்நோக்கிச் சாயலாம். சுழற்சிகளைச் சீக்கிரம் நிறுத்தினால், மருந்து செறிந்த தசை சூழ்ந்த அறையின் மதிப்பு முழுதாக இறங்குவதில்லை. ஸ்கேனரின் மங்கலை ஈடுசெய்யும் புள்ளிப் பரவல் திருத்தம் அறைக்கும் தசைக்கும் இடையிலான கசிவைக் குறைக்கும்; கூடவே விளிம்பில் செயற்கையான மேடும் எழலாம். ஓய்விலும் அழுத்தத்திலும் பிழை ஒரே விகிதத்தில் இருந்தால் கையிருப்பில் அடிபட்டுப் போகும். இருக்கும் என்று யார் உறுதி தருவது? ஓய்வில் 0.9, அழுத்தத்தில் 1.8 என்றால் கையிருப்பு 2.0. அழுத்த மதிப்பு மட்டும் பத்து விழுக்காடு ஏறினால் 2.2, எல்லையில் நின்றவர் நலமானவர் ஆகிவிடுகிறார்.

2014-ல் வெளியான ரூபி-10 ஆய்வு பத்து மென்பொருள்களை ஒப்பிட்டு, கணக்கீட்டு மாதிரி மாறினால் விடையும் மாறுவதைக் காட்டியது. அந்த அளவு கவனம் மீளமைப்புக்கும் தேவை. ஸ்கேனர் தயாரிப்பாளர்கள் மென்பொருள் மேம்பாடு என்ற பெயரில் இரவோடு இரவாக மீளமைப்பு முறையை மாற்றிவிட்டு, சுழற்சி எண்ணிக்கையைக் கேட்டால் வணிக ரகசியம் என்பது மருத்துவருக்குத் தரும் பதிலா? நோயாளியின் முந்தைய எண்ணையும் இன்றைய எண்ணையும் எந்த அடிப்படையில் அவர் ஒப்பிடுவார்? இந்தப் போக்கைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

நோயாளியின் அசைவு, சி.டி. படத்தோடு பொருந்தாமை ஆகியவற்றை இந்த அறிக்கை தொடவில்லை; அவற்றில் சங்கத்தின் முந்தைய நிலைப்பாடே தொடர்கிறது. புள்ளிப் பரவல் திருத்தத்தை அளவீட்டுக்குத் தடைசெய்ய வேண்டும் என்று சிலர் வலியுறுத்தினர்; செயற்குழு அவ்வளவு தூரம் போகவில்லை. உள்ளூர் சரிபார்ப்புக்குப் பின், இயன்றவரை எச்சரிக்கையோடு பயன்படுத்தலாம் என்பதே பெரும்பான்மைக் கருத்து.

சங்கம் கோருபவை: ஒவ்வொரு அறிக்கையிலும் மீளமைப்பு முறை, சுழற்சி எண்ணிக்கை, உட்கணம் (subset), வடிகட்டி ஆகிய விவரங்கள் இடம்பெற வேண்டும். முறை மாறும்போது, பழைய ஸ்கேன்களின் மூலத் தரவை இரு முறைகளிலும் மீளமைத்து ஒப்பிட்ட பிறகே பழைய வரம்பைக் கையாள வேண்டும். அதற்காக மூலத் தரவு பாதுகாக்கப்பட வேண்டும். எத்தனை ஆண்டு என்பதில் செயற்குழுவில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. சேமிப்புச் செலவை மருத்துவமனைகள் மட்டுமே சுமக்க முடியாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.