உலா வருபவர் யார்? பார்ப்பவர் யார்?



சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் சிற்றிலக்கிய வகைகளைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் உலா. படம் ஒன்றைக் காட்டுவதற்காக என் மடிக்கணினியைத் திரையுடன் இணைத்தேன். சோழர் காலச் சிற்பம் தோன்றியது. அதன் ஓரத்தில் மூட்டுவலித் தைலத்தின் விளம்பரமும் தோன்றியது. முதல் நாள் இரவு, ஊரில் தனியே இருக்கும் என் தாயாரின் முழங்கால் வலிக்கு மருத்துவக் குறிப்புகளைத் தேடியிருந்தேன். முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, உங்களுக்கு மூட்டுவலியா?" என்று அக்கறையுடன் கேட்டாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

ஆனால் வீடு திரும்பும் வழியில் ஒரு வினா என்னை விடவில்லை. யாரிடமும் சொல்லாத என் வீட்டுக் கவலை, என் வகுப்பறை வரை எவ்வாறு நடந்து வந்தது?

பழைய உலாவும் புதிய உலாவும்

உலா இலக்கியத்தில் அரசனோ இறைவனோ வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவ மகளிர் அவனைக் கண்டு மயங்குவர். ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலாவில் விக்கிரம சோழனும், இரண்டாம் குலோத்துங்கனும், இரண்டாம் இராசராசனும் இவ்வாறே உலா வருகின்றனர். அரசன் உலா வருவது பிறர் தன்னைக் காண வேண்டும் என்பதற்காகவே.

இணையத்தில் நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்குத் தமிழில் 'உலாவி' என்று பெயர். நாமும் அதில் ஏறி உலா வருகிறோம். ஆனால் நாம் உலா வருவது பிறரைக் காண்பதற்கு; பிறர் நம்மைக் காண்பதற்கு அன்று. எனினும் மாடந்தோறும் கண்கள் இருக்கின்றன. ஒரு தளத்துக்குச் செல்லும்போது, அங்கே விளம்பரம் வைத்திருக்கும் வேறொரு நிறுவனமும் 'குக்கி' எனப்படும் சிறு குறிப்பை நம் கணினியில் இட்டுச் செல்லலாம். அதே நிறுவனம் அடுத்த தளத்திலும் இருந்தால் அக்குறிப்பைக் கொண்டு நம்மை அடையாளம் கண்டுகொள்ளும். இதைத் தடுப்பதா, விடுவதா என்பதை முடிவு செய்வதில் உலாவிக்குப் பெரும்பங்கு உண்டு. ஆகவே எந்த உலாவி என்பது சிறிய கேள்வி அன்று.

ஒரு மாதச் சோதனை

புதிய கணினி வாங்கினால் விண்டோசில் எட்ஜ் இருக்கும். ஆண்டிராய்டு கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் குரோம் இருக்கும். ஆப்பிள் கருவிகளில் சஃபாரி இருக்கும். வீட்டோடு வந்த பூட்டை மாற்றாமல் வாழ்வதைப் போல, நாமும் இருப்பதைக் கொண்டே காலம் கழிக்கிறோம். நானும் அவ்வாறே பல ஆண்டுகள் இருந்தேன். மூட்டுவலி நிகழ்ச்சிக்குப் பின், ஒரு மாதம் ஃபயர்பாக்ஸ் உலாவியை மட்டும் பயன்படுத்துவது என்று முடிவு செய்தேன்.

மாறுவது எளிதாகவே இருந்தது. பழைய உலாவியில் சேமித்திருந்த பக்கக்குறிகளும் கடவுச்சொற்களும் சில நிமிடங்களில் வந்து சேர்ந்தன. ஃபயர்பாக்ஸ் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனிப் பெட்டியில் அடைத்து வைக்கிறது. ஒரு தளத்தில் இட்ட குறிப்பை மற்றொரு தளத்தில் படிக்க இயலாது. 2022ஆம் ஆண்டு முதல் கணினிகளில் இக்காப்பு, நாம் கேளாமலேயே செயல்படுகிறது. சஃபாரி 2020ஆம் ஆண்டிலேயே பிற நிறுவனக் குக்கிகளை முழுமையாகத் தடுத்துவிட்டது. குரோமும் அவற்றை நீக்கப்போவதாக 2020இல் அறிவித்தது. 2024இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. கூகிளின் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருவது என்பதை இங்கு நினைவில் கொள்ளுங்கள்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயணப்படிக்காக நான் நிரப்ப வேண்டியிருந்த படிவம் ஒன்று ஃபயர்பாக்சில் திறக்க மறுத்தது. குரோமைத்தான் நாட வேண்டியிருந்தது. காணொளி வகுப்புகளின்போது இருமுறை ஒலி தடைப்பட்டது. தமிழ் முகப்பை அமைத்தபோது, சில இடங்களில் ஆங்கிலச் சொற்களே எஞ்சி நின்றன. ஆனால் அம்முகப்பை மொழிபெயர்ப்பவர்கள் தன்னார்வலர்கள் என்று அறிந்தபின், அது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. செய்ய வேண்டிய பணியாகத் தோன்றியது. நாளை உங்களில் ஒருவர் அப்பணியில் சேரலாம்.

தமிழ்ப் பெயர் தாங்கிய உலாவி

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட உலாவியின் பெயரே 'உலா'. தாய்மண்ணிலிருந்து தொலைவில் வாழும் நமக்கு அப்பெயரைத் திரையில் காண்பதே மகிழ்ச்சி. பணிக்கு ஒன்று, தனிப்பயனுக்கு ஒன்று, சிறுவருக்கு ஒன்று என வெவ்வேறு முறைமைகள் அதில் உள்ளன. பின்தொடரும் நிரல்களைத் தடுக்கும் வசதியும் உண்டு. அதையும் ஒரு வாரம் பயன்படுத்தினேன். மேற்சொன்ன படிவம் அதில் தடையின்றித் திறந்தது.

அதற்குக் காரணம் உண்டு. உலாவியின் உள்ளே, பக்கங்களை வரைந்து காட்டும் ஓர் எந்திரம் இருக்கிறது. குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், உலா ஆகிய அனைத்தும் குரோமியம் என்னும் ஒரே அடித்தளத்தின்மீது எழுந்தவை. அத்தளத்தின் வளர்ச்சியை முதன்மையாக நடத்துவது கூகிள். வண்டிகளின் நிறமும் இருக்கையும் வேறு, எந்திரம் ஒன்றே. ஃபயர்பாக்சின் கெக்கோ எந்திரமும் சஃபாரியின் வெப்கிட் எந்திரமும் தனித்தவை.

ஒன்றே போதும் என்பது சரியா?

"எல்லாரும் ஒரே எந்திரத்தைப் பயன்படுத்தினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். வரலாறு விடை சொல்லும். 2001இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் 6ஆம் பதிப்பு வந்தது. உலகின் பெரும்பாலான கணினிகளில் அதுவே இருந்தது. போட்டி இல்லாததால் அடுத்த பதிப்புக்கு 2006 வரை உலகம் காத்திருந்தது. 2004இல் ஃபயர்பாக்ஸ் வந்த பின்னரே அந்த உறக்கம் கலைந்தது.

அக்காலத்தில் நான் கல்லூரி மாணவன். ஒருங்குறி பரவாத அந்நாளில், தமிழ்த் தளங்கள் சில அந்த ஓர் உலாவிக்கு மட்டுமே பொருந்தும் எழுத்துருக்களைப் பயன்படுத்தின. வேறு உலாவியில் திறந்தால் தமிழ் மறைந்து, பொருளற்ற குறிகள் திரையை நிறைத்தன. ஒரே கதவை நம்பியிருந்த தமிழ், அக்கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு எட்டாமல் போயிற்று. அந்நிலை மீண்டும் வரக்கூடாது என்பதே என் கவலை.

மறுபக்கமும் உண்டு. குரோம் விரைவானது, பாதுகாப்புக் குறைகளை உடனுக்குடன் சீர்செய்கிறது, 2008இல் அது வந்தபோது, ஒவ்வொரு தாவலையும் தனித்தனியே இயக்கி, ஒன்று பழுதானாலும் மற்றவை விழாமல் காத்தது. ஃபயர்பாக்சை உருவாக்கும் மொசில்லாவும், தன் வருவாயில் பெரும்பகுதியைக் கூகிள் தேடுபொறியை முன்னிறுத்துவதற்காகக் கூகிளிடமிருந்தே பெறுகிறது. ஆகவே ஒன்றை நல்லவன் என்றும் மற்றொன்றைத் தீயவன் என்றும் கதை சொல்ல நான் முன்வரவில்லை.

என் கருத்து

அன்றாடப் பயன்பாட்டுக்கு ஃபயர்பாக்சை வைத்துக்கொண்டேன். பிடிவாதம் பிடிக்கும் தளங்களுக்காக உலாவையும் வைத்திருக்கிறேன். நீங்களும் இதையே செய்ய வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் தானாக வந்தது என்பதற்காக மட்டும் ஒன்றைப் பயன்படுத்தாதீர்கள். பெற்றோருடன் அமர்ந்து அமைப்புகளைத் திறந்து படியுங்கள். மறைநிலைச் சாளரம் உங்கள் கணினியில் வரலாற்றைச் சேமிக்காதே தவிர, பள்ளி வலையமைப்பிலிருந்தோ இணையச் சேவை நிறுவனத்திடமிருந்தோ உங்களை மறைக்காது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் தடை விதிக்கிறது. சட்டம் காவல் நிற்கலாம். ஆயினும் கதவைத் தாழிடுவது வீட்டாரின் கடமையன்றோ?

மூட்டுவலி பற்றிக் கேட்ட மாணவி அண்மையில் என்னிடம் வந்தாள். "ஐயா, என் கைப்பேசியிலும் மாற்றிவிட்டேன். அம்மாவுக்கும் மாற்றிக் கொடுத்தேன். தமிழ் முகப்பு வைத்ததும் அம்மா தாமாகவே படிக்கிறார்" என்றாள். நான் எண்ணிப் பாராத பயன் அது.

சொல்லும் பொருளும்
பவனி – ஊர்வலம். மாடம் – மாளிகையின் மேல்தளம். முகப்பு – திரையில் தோன்றும் முன்தோற்றம். ஒருங்குறி – எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை

சிந்தித்து எழுதுக
1. உலா இலக்கியத்துக்கும் இணைய உலாவுக்கும் ஆசிரியர் காட்டும் வேறுபாடு யாது?
2. ஒரே எந்திரம் போதும் என்னும் கருத்தை ஏற்பீரா, மறுப்பீரா? காரணம் தருக.
3. உம் வீட்டில் பயன்படுத்தும் உலாவியையும் வேறொன்றையும் ஒரு வாரம் ஒப்பிட்டு, நிறைகுறைகளைப் பத்து வரிகளில் எழுதுக.