பூட்டிய கைபேசியும் பழுதுநீக்கும் உரிமையும்

பழைய கைபேசியொன்றில் டி.டபிள்யூ.ஆர்.பி. போன்ற மாற்று ரெக்கவரி மென்பொருளை ஏற்ற முனையும் மாணவர் முதலில் சந்திப்பது, ‘கருவிக்காகக் காத்திருக்கிறது’ என்று கணினித் திரையில் அசையாது நிற்கும் வரியைத்தான். தெரியாதவர் ஏன் கை வைக்க வேண்டும் என்று பழியும் உடனே அவர்மீது விழுகிறது. ஆனால் காரணங்கள் பெரும்பாலும் எளியவை. மின்னேற்றத்துக்கு மட்டுமே உதவும் கேபிளில் தரவுக் கம்பிகள் இரா. ஃபாஸ்ட்பூட் நிலையில் கருவி வேறு அடையாளத்துடன் தோன்றுவதால், விண்டோஸில் அதற்குரிய டிரைவர் தனியே வேண்டும், ஏ.டி.பி. கண்டுகொண்டது என்பதால் ஃபாஸ்ட்பூட்டும் கண்டுகொள்ளும் என்று கொள்ளலாகாது. லினக்ஸில் யூடெவ் விதி இல்லையேல் அனுமதி மறுக்கப்படலாம். கேபிள், போர்ட், டிரைவர் என வரிசையாகச் சோதித்தால் இவை தீரும்.

தீராதது பூட்லோடரின் பூட்டு. ஹுவாவே 2018இல் திறப்புக் குறியீடு வழங்குவதை நிறுத்தியது. எல்ஜி தன் திறப்புச் சேவையை 2021 இறுதியில் மூடியது. பாதுகாப்பே இத்தகைய பூட்டுக்குச் சொல்லப்படும் நியாயம். திருடன் கையில் தரவு சிக்கலாகாது என்பது மெய்யே. அதற்காகத்தான் பூட்டைத் திறக்கும்போது தரவு முழுதும் அழிக்கப்படுகிறது. பாதுகாப்புப் புதுப்பிப்பையே நிறுவனம் கைவிட்ட கருவியைப் பூட்டி வைப்பது யாரைக் காக்கிறது?

இந்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் அமைத்த குழு கைபேசிகளையும் கருத்தில் கொண்டது. அவ்வுரிமை உதிரிபாகங்களோடு நின்றுவிடலாகாது. புதுப்பிப்பு முடியும் நாளில் பூட்டின் திறவுகோல் உரிமையாளரிடம் சேர வேண்டும்.