நனைந்த சட்டையும் நாணிய முகமும்

படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து தாயொருவர் எழுதிய கடிதம் என் மேசைமீது கிடக்கின்றது. அவருடைய மகளுக்கு வயது ஏழு. நாள்தோறும் மண்முனைப் பாலத்தைக் கடந்து எழுவான்கரையிலுள்ள பாடசாலையொன்றுக்கு வருகின்றாள். (2014இல் அப்பாலம் திறக்கப்படுமுன்னர் அங்கே ஓடத்துக்குக் காத்துக் கிடந்தவர்கள் இந்தச் சிறு வசதியின் பெருமையை அறிவர்.) இரவிலே படுக்கை நனைவதில்லை. பகலிலேதான், பாடசாலை விட்டு வீடு திரும்பும் வேளையில், வெள்ளைச் சட்டை நனைந்துவிடுகின்றதாம். "அடித்தும் பார்த்தேன். அம்மம்மா சொன்னபடி எள்ளுருண்டையும் கொடுத்தேன். இப்பொழுது காலையிலே தண்ணீர் கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன். பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள்" என்று முடிகின்றது கடிதம்.

சகோதரி, முதலில் அந்தத் தண்ணீரைக் கொடுங்கள். மற்றவற்றைப் பின்னர் பேசுவோம்.

நீர் குறைந்தால் சட்டை நனையாது என எண்ணுவது இயல்பே. நடப்பதோ வேறு. நமது வெயிலிலே நீர் அருந்தாத பிள்ளையின் சிறுநீர் செறிந்து கடுத்து நீர்ப்பையை உறுத்தும். அதனோடு மலமும் இறுகும். மலக்குடலும் நீர்ப்பையும் அண்டை வீட்டாரைப் போல அடுத்தடுத்து இருப்பவை. ஒன்று வீங்கினால் மற்றது நெருக்குண்ணும். பகலில் நனையும் பிள்ளைகள் பலரிடம் மலச்சிக்கலும் இருப்பதை மருத்துவர்கள் காண்கின்றனர். மலச்சிக்கல் தீர்ந்ததும் நனைதலும் நின்றுபோன பிள்ளைகள் உளர். ஆகவே உங்கள் மகள் எத்தனை நாளுக்கொருமுறை மலங்கழிக்கின்றாள் என்பதைக் கவனியுங்கள். அது இறுகிக் கட்டியாக வருகின்றதா என்பதையும் பாருங்கள். கீரையும் பழமும் நமது பிரதேசத்திலே அரியன அல்ல.

இனி ஒரு சிறு கணக்கு. பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதாற் பெருக்கினால், அதன் நீர்ப்பை கொள்ளும் அளவு ஏறத்தாழ மில்லிலீற்றரில் வரும் என்பர். ஏழு வயதுக்கு 240. ஒரு பெரிய குவளை நீர், அவ்வளவே. காலை ஆறரைக்கு வீட்டை விட்டுப் புறப்படும் பிள்ளை, பாடசாலை ஒன்றரைக்கு விட, இரண்டு மணிக்கு வீடு சேரும்வரை ஒருமுறையேனும் போகாதிருந்தால், அந்தக் குவளை வழியாமல் என்செய்யும்?

ஏன் போவதில்லை என்று மகளிடம் கேட்டீர்களா? மலசலகூடத்துக் கதவிலே தாழ்ப்பாள் இல்லாதிருக்கலாம், நீர் இல்லாதிருக்கலாம், பெரிய பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்திருக்கலாம். அல்லது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கின்றது, என்னைப் போன்ற ஆசிரியர் ஒருவர் அவ்வகுப்பில் இருக்கலாம். நான் ஆசிரியப் பணியிற் சேர்ந்த முதல் வருடம், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சேர், வெளிய போகட்டா?" என்றான். "மணியடிக்கட்டும், இரு" என்றேன். இரண்டாம் முறையும் கேட்டான். வகுப்பை ஏய்க்கும் தந்திரம் என்று கருதி அதட்டினேன். மூன்றாம் முறை அவன் கேட்கவில்லை. வாங்கின் கீழே நீர் பரவியதை அவனருகில் இருந்தவனே முதலிற் கண்டான். வகுப்பு முழுதும் சிரித்தது. அதன்பின் ஒரு கிழமை அவன் பாடசாலைப் பக்கம் வரவேயில்லை. அன்று தொட்டு என் வகுப்பிலே இந்த அனுமதியை நான் எவருக்கும் மறுத்ததில்லை. ஏய்ப்பவன் ஒருவன் ஏய்த்துவிட்டுப் போகட்டுமே!

காலைக் காலோடு பின்னிக் கொள்வதும், குதிகாலின் மேல் அழுந்தக் குந்துவதும் குறும்பல்ல. வந்துவிடுமோ என்று அஞ்சிய பிள்ளை தன்னாலியன்ற மட்டும் தடுக்க முயலும் அடையாளமே அது. அதைக் கண்டும் அடிக்கும் கை, தோற்றவனையே மீண்டும் அடிக்கின்றது.

செய்யவேண்டியது எளிது, ஆயினும் பொறுமை வேண்டும். "வருகிறதா?" என்று கேளாதீர்கள், "இல்லை" என்றே விடை வரும். இரண்டு அல்லது மூன்று மணிக்கொருமுறை, நேரம் பார்த்துப் போகப் பழக்குங்கள்: எழுந்தவுடன், புறப்படுமுன், இடைவேளையில், பாடசாலை விட்டவுடன், வீட்டுக்கு வந்ததும். முழங்கால்கள் அகன்றிருக்க, பாதங்கள் நன்றாக ஊன்றியிருக்க, அவசரமின்றி முற்றாகக் கழிக்கட்டும். பெண் குழந்தைகள் கால்களை ஒடுக்கி இருந்துவிட்டு எழும்போது, உள்ளே தங்கிய சிறிது நீர் பின்னர் கசிந்து உள்ளாடையை நனைப்பதுமுண்டு. பலன் நாலைந்து நாளில் வராது. சில மாதங்களும் ஆகலாம்.

சில குறிகள் தென்பட்டால் காத்திராமல் வைத்தியரிடம் செல்லவேண்டும். எரிவு, காய்ச்சல், துர்நாற்றம் இருந்தால் கிருமித் தொற்றாகலாம். ஓயாது சொட்டுச் சொட்டாய்க் கசிந்தாலும், ஆண் பிள்ளைக்கு நீர் மெல்லிதாய் முக்கி வந்தாலும், நடையிலே தளர்ச்சி கண்டாலும் காட்டுங்கள். நனைதலோடு தீராத் தாகமும் உடல் மெலிவும் சேர்ந்தால் நீரிழிவாக இருக்கலாம். அன்றைக்கே கொண்டு செல்லுங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலே சிறுநீர்ச் சோதனைக்குக் காசு வேண்டியதில்லை.

நன்றாயிருந்த பிள்ளை திடீரென நனைக்கத் தொடங்கினால் அச்சத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். போரையும், 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடல்கோளையும் கண்ட நம் கரைக்கு இது புதிதன்று. பேரச்சத்துக்கு உள்ளான பிள்ளை விட்டுவந்த பழைய பழக்கத்துக்குத் திரும்புவதை உளமருத்துவம் நன்கறியும். 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கியவர்கள், போரினால் வாடிய சிறுவருக்குக் களிமண்ணையும் வர்ணத்தையும் விளையாட்டையும் கொடுத்தார்கள். அத்தகைய பிள்ளைக்குப் பிரம்பு வேண்டாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் ஒரு சாவோ, சண்டையோ, புதிய குழந்தையோ கூடப் போதும்.

சகோதரி, திங்கட்கிழமை நீங்களே சென்று வகுப்பாசிரியையைத் தனியே காணுங்கள். மகள் அருகில் நிற்க வேண்டாம். கேளாமலே வெளியே செல்ல அவளுக்கு உத்தரவு தரும்படியும், இடைவேளைக்குத் துணையாக ஒரு தோழியை அனுப்பும்படியும் கேளுங்கள். புத்தகப் பையினடியிலே மாற்று உள்ளாடையும் ஒரு சட்டையும் மடித்து வையுங்கள். தண்ணீர்ப் போத்தலையும் மறவாதீர்கள். இரண்டு மாதங் கழித்து எனக்கு எழுதுங்கள்.