சரபங்காவுக்குச் சொந்த நீர் வேண்டும்

சேர்வராயன் மலையில் பிறந்து, ஓமலூர், எடப்பாடி வழியாக ஓடி, தேவூர்ப் பக்கம் காவிரியில் சேரும் சரபங்கா பெரிய ஆறல்ல. ஆண்டு முழுதும் ஓடும் ஆறுமல்ல. மழை பெய்தால் வரும். வந்த நீரை ஏரி ஏரியாக நிறுத்திவிட்டுப் போகும். ஓர் ஏரி நிரம்பிக் கோடி போனால் அடுத்த ஏரிக்கு நீர். முன்பெல்லாம் மதகைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர் தானாக இறங்கியது. ஒரு யூனிட் மின்சாரம் செலவானதில்லை.

ஆறும் மின்சாரமும் என்றால் நமக்கு மேட்டூர்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே அணை, சுரங்க மின்நிலையங்கள் சேர்ந்து 250 மெகாவாட். கீழே செக்கானூர் முதல் ஊராட்சிக்கோட்டை வரை நான்கு கதவணைகளில் தலா 30 மெகாவாட். சரபங்காவில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் அது மிச்சம் பிடித்துத் தந்த மின்சாரத்தை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை. ஏரி வற்றியதும் கிணறு, கிணறு வற்றியதும் போர் என்று விவசாயி இறங்கிக்கொண்டே போகிறார். ஆழம் கூடக் கூட மோட்டாரின் குதிரைத்திறனும் கூடுகிறது. 1990 முதல் உழவருக்கு மின்சாரம் இலவசம். அது வேண்டிய உதவி, அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் விவசாயி கட்டாத தொகையை மின்வாரியத்துக்கு அரசு கட்டுகிறது. அது மக்கள் பணம்.

இந்த வறட்சிக்கு மருந்தாக வந்ததுதான் மேட்டூர் உபரிநீர்த் திட்டம். திப்பம்பட்டியில் நீரேற்று நிலையம், 100 வறண்ட ஏரிகள், 0.555 டி.எம்.சி. நீர், 565 கோடி ரூபாய். 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டி, 2021 பிப்ரவரியில் முதல் கட்டத்தைத் தொடங்கினார்கள். காய்ந்து கிடந்த ஏரியில் தண்ணீர் வந்ததைக் கண்ட ஊர்க்காரர்களின் மகிழ்ச்சி நியாயமானது. தங்களுக்கு வரும் காவிரி நீர் குறையுமோ என்ற டெல்டா விவசாயிகளின் அச்சமும் நியாயமானதே. நம் கேள்வி வேறு. இறங்கும்போது மின்சாரம் தரும் காவிரியை, இங்கே மின்சாரம் செலவழித்து மேட்டுக்கு ஏற்றுகிறோம். அணை நிரம்பி வழியும் நீர் என்பதால் அதில் தவறில்லை. நிரம்பாத ஆண்டில் என்ன செய்வது? 2023இல் மேட்டூர் நிரம்பவே இல்லை. உபரி என்று ஒன்று இல்லாதபோது நீரேற்று நிலையத்தால் பயன் என்ன?

சேர்வராயனில் பெய்யும் மழைக்குக் கர்நாடகத்தின் தயவு வேண்டியதில்லை. அந்த மழை ஏரிக்கு வந்து சேரத்தான் வழியில்லை. வரத்து வாய்க்கால்களை ஆக்கிரமிப்பும் சீமைக்கருவேலமும் அடைத்துக் கிடக்கின்றன. ஆற்றுக்குள் ஊர்ச் சாக்கடையும் சாயக் கழிவும் இறங்குகின்றன. உபரிநீர்த் திட்டத்துக்குக் குழாய் பதிக்க நிலம் எடுக்க முடிந்த அரசுக்கு, தன் வாய்க்காலைத் தானே அளந்து மீட்க முடியாதா?

உபரிநீர்த் திட்டம் தொடரட்டும். ஆனால் பாசனப் பணத்தில் முதல் பங்கு வரத்து வாய்க்கால் மராமத்துக்கும், ஆற்றோர ஊர்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் போக வேண்டும். ஏரிகளை நிரப்ப ஆகும் மின்செலவை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

நாமக்கல் மாவட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. உபரிநீரைத் திருமணிமுத்தாற்றுக்கும் அய்யாற்றுக்கும் கொண்டுசெல்லும் இணைப்புத் திட்டம் தேர்தல்தோறும் பேசப்படுகிறது. பேசுகிறவர்கள், திருமணிமுத்தாற்றில் கலக்கும் சேலம் மாநகரின் கழிவை எப்போது நிறுத்துவோம் என்று முதலில் தேதி சொல்லட்டும். அதைச் செய்யாமல் இணைத்தால், மல்லசமுத்திரத்து விவசாயிக்கும் பரமத்திவேலூர் விவசாயிக்கும் போய்ச் சேரப்போவது காவிரி கலந்த சாக்கடைதான்.