நமது கால்பந்துக் கோஷ்டி

கோஷ்டிக்கு ஆள் தெரிந்தெடுக்குங்கால் கடைசி வருஷத்தாருக்கே முதலிடம் என்பது நமது கலாசாலையின் வழக்கம். அவர்கள் சென்றபின் மறுவருஷம் பழக்கமற்ற பதினொருவர் களத்தில் நிற்கின்றனர். இதனை நாம் ஒப்புவதற்கில்லை.

அனுபவஸ்தர் வேண்டாமென்பது நமது கட்சியன்று. 2017–18இல் ஐ-லீக்கில் எட்டாமிடத்திலிருந்த சென்னை சிட்டி கோஷ்டி மறுவருஷமே பட்டம் பெற்றதன்றோ? 2019 மார்ச்சு 9ந் தேதி, குமாரபாளையத்தினின்று இரண்டொரு மணிப் பிரயாணத்திலுள்ள கோயமுத்தூரில், மினர்வா பஞ்சாப் முதற் கோல் போட்டது. முப்பது வயதினரான உருகுவே தேசத்து மான்ஸி பெனால்டியால் சமன் செய்தார். இருபதே வயதினரான கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். (சிறுவனென்று அவரைக் கரையில் உட்காரவைத்திருந்தால்?) பட்டம் கிட்டியது ஒரே புள்ளி வித்தியாசத்தில்.

ஆகவே நடுக்களத்தில் மூத்தோர் நால்வர் நிற்க, ஓட்டம் மிகுந்த ஓரங்களை முதல் வருஷத்தாருக்கு விடுக. சில தோல்விகள் நேரும். தேகப்பயிற்சி ஆசிரியர் அவற்றைப் பொறுத்தல் வேண்டும்.