ஊரார் காத்த காடும் தில்லியார் விட்ட ஏலமும்

காட்டை அரசுதான் காக்கவல்லது, சிற்றூர் மக்களிடம் விட்டால் வெட்டித் தீர்த்துவிடுவர் என்பது 1882இல் சென்னைக் காட்டுச் சட்டம் இயற்றிய வெள்ளையன் விட்டுச்சென்ற பொய். அவன் போய்விட்டான், பொய்யோ கோட்டையிலும் தில்லியிலும் இன்னும் குடியிருக்கின்றது.

மதுரையைப் பாருங்கள்! உலகனேரிக் கண்மாயில் உயர்முறைமன்றம் எழுந்தது. தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சி மாளிகை எழுந்தது. நீர்நிலையைக் காக்க வேண்டியவரே அதன்மேல் ஏறி அமர்ந்துகொண்டனர். (நீர்நிலை வன்கவர்வு வழக்குகளும் அங்கேயே நடப்பது தனி வேடிக்கை!)

அந்நகருக்கு ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், மேலூரை அடுத்த அரிட்டாபட்டியின் நிலை என்ன? ஏழு குன்றுகள், 72 ஏரிகள், ஏறத்தாழ 200 சுனைகள். குன்றில் விழும் மழை சுனையில் ஊறி, ஏரிகளில் தேங்கி, வயலை நனைக்கின்றது. 250 வகைப் பறவைகளும் அழுங்கும் தேவாங்கும் அங்கு வாழ்கின்றன. தமிழிக் கல்வெட்டும் பாண்டியர் காலக் குடைவரையும் அங்குள்ளன. இவற்றை எந்தத் துறை காத்தது? ஊர்க் கட்டுப்பாடன்றோ காத்தது! இடையபட்டி வெள்ளிமலைக் கோயிற்காட்டில் ஒரு சுள்ளியை ஒடிக்கவும் ஊரார் கூசுவர். உசிலை மரங்கள் இன்றும் அங்கு நிற்பது அதனாலேயே. 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 எக்டேரைப் பல்லுயிர் மரபிடமாக அறிவித்தது, ஊரார் முன்பே காத்துவைத்ததற்கு இட்ட முத்திரையே.

ஈராண்டு நிறையுமுன், 2024 நவம்பர் 7இல், தில்லி அரசு அம்மரபிடத்தையும் உள்ளடக்கி ஏறத்தாழ 5,000 ஏக்கரைத் தங்குதன் கனிமம் தோண்ட வடபுலத்துப் பெருநிறுவனம் ஒன்றுக்கு ஏலம் விட்டது. எவ்வுரிமையால்? 2023இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய கனிமங்களை ஏலம் விடும் உரிமையை மாநிலங்களிடமிருந்து தானே பறித்துக்கொண்ட உரிமையால்!

மக்கள் கொதித்தெழுந்த பின்னரே திசம்பர் 9இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரி 7இல் உழவரும் பெண்டிரும் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நடந்தே சென்று நகரை உலுக்கினர். சனவரி 23இல் ஏலம் நீக்கப்பட்டது.

இது மேலூரார் சிக்கல் என்று எண்ணும் நகரத்தார் இன்னும் உளர். மதுரைச் சந்தைக்கு வரும் நெல்லும் காயும் எந்த நீரில் விளைந்தவை? தம் கண்மாய்களைக் கட்டடங்களுக்குக் காவு கொடுத்த நகருக்கு, ஊரார் காத்த குன்றும் காடுமே எஞ்சிய நீர்த்தாய்.

நீங்கியது ஓர் ஏலமே. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் நீங்கவில்லை. ஊர்மன்றம் ஒப்பாமல் எவரும் குன்றையோ காட்டையோ ஏலம் விடலாகாது எனச் சட்டம் வேண்டும். அதைக் கேட்டு அடுத்த முறை நடக்க வேண்டியவர் மதுரை நகரத்தார்.